மாத்திரையைக் குழம்பில் கலக்காதீர்கள்

போடிநாயக்கனூரில் விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறை ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகும் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் பலருடைய கூலியில் ஒரு பங்கு டாஸ்மாக் கல்லாவுக்குப் போகிறது என்பதை நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குடியை நிறுத்தும் வேலையையும் அவள் தலையிலேயே கட்டியிருக்கிறோமே, அதுதான் என் வழக்கு.

"ஒரு மாத்திரை இருக்காம்க்கா, அவருக்குத் தெரியாம கொழம்புல கலந்து குடுத்துருங்க." இந்த யோசனை எல்லாத் தெருவிலும் இலவசமாகக் கிடைக்கிறது. மாத்திரையின் பெயர் டைசல்ஃபிரம். சாராயம் உடலுக்குள் முதலில் அசிட்டால்டிஹைடு என்னும் நஞ்சாகிறது. கல்லீரல் அதையும் உடைத்துத் தள்ளுகிறது. இந்த மாத்திரை அந்த இரண்டாவது வேலையைத் தடுத்துவிடும். நஞ்சு தேங்கும். முகம் சிவக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் சரியும். சாவும் நேரலாம். நிறுத்திய பின்னும் இரண்டு வாரம் வரை இதன் வேலை நீடிக்கக்கூடும். குடிப்பவர் தானே அறிந்து, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் விழுங்க வேண்டிய மருந்து இது. அவருக்குத் தெரியாமல் கலந்தால், அவர் செத்தால் கொலைகாரி அவள். கலக்காவிட்டால், புருஷனைத் திருத்தத் துப்பில்லாதவளும் அவளே.

இன்னொரு வைத்தியம் கோயிலில் கயிறு கட்டுவது. அன்றிலிருந்து ஒரு சொட்டுத் தொடக்கூடாது. பல வருடம் தினமும் குடித்த உடம்புக்கு இது ஆபத்து. மது மூளையை மந்தப்படுத்தும் வகையைச் சேர்ந்தது. தூக்க மாத்திரைகளும் அதே வகைதான். அமுக்கிய கையைச் சட்டென்று எடுத்தால் மூளை துள்ளும். ஆறு மணி நேரத்திலிருந்து கை நடுக்கம், வியர்வை, குமட்டல், பதற்றம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாள் சிலருக்கு நாள், இடம், ஆள் எல்லாம் குழம்பி, சுவரில் பூச்சி ஊர்வதாகக் கத்துவார்கள். அதைச் சாமிக் குற்றம் என்று மந்திரிக்கக் கூட்டிப்போவதுண்டு. அது உயிரைப் பறிக்கக்கூடிய மருத்துவ அவசரம். 108ஐக் கூப்பிட வேண்டிய நேரம். ஆனால் ஊர் அவளைத்தான் கேட்கும்: "என்னத்தப் போட்டுக் குடுத்த?"

கஞ்சாவை விட்டவருக்கும் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை உண்டு. உயிருக்கு ஆபத்தாவது அரிது. சட்டமோ தலைகீழாக நிற்கிறது. கஞ்சாவுக்கு 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம். மதுவுக்கு 2003 முதல் அரசே சில்லறைக் கடை. கஞ்சாவை விற்கவிடு என்று நான் கேட்கவில்லை. எது ஆபத்து என்பதை முடிவு செய்யும் மேசையில் மருத்துவம் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது என்று கேட்கிறேன்.

2020 ஊரடங்கில் மதுக்கடைகள் மூடியபோது, மலைக்கு அந்தப் பக்கம் கேரள அரசு மருத்துவர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்றே ஆணை போட்டது, உயர்நீதிமன்றம் தடுத்தது. ஆணின் கை நடுங்கினால் அரசாங்கமே எழுந்து நிற்கும்.

அவளுடைய போதை எந்தக் கணக்கில்? 2019இல் வெளியான மத்திய அரசின் கணக்கெடுப்பின்படி மது அருந்தும் ஆண்கள் 27.3 சதவீதம், பெண்கள் 1.6 சதவீதம். அந்த 1.6ஐப் பார்த்து நாம் நிம்மதியடைகிறோம். மலைக் குளிரில், குனிந்து குனிந்து காய் எடுக்கும் இடுப்புக்கு, பசிக்கும் சேர்த்து, புகையிலையை வாயில் அடக்கிக்கொள்கிறவள் அந்த எண்ணிக்கையில் இல்லை. 'வெத்தல போடுறது' என்று செல்லப் பெயர் வைத்துவிட்டோம். நிகோடினும் அடிமைப்படுத்தும், சில மணி நேரம் கிடைக்காவிட்டால் எரிச்சலும் கவனச் சிதறலும் வரும், அவளை 'வாய்க்காரி' என்பார்கள். வாய்ப்புண் ஆறாமல் இருந்தால் காட்டுவதற்கு ஒருநாள் கூலியை இழக்க வேண்டும்.

மருத்துவம் அடிமைத்தனத்தை அளப்பது தெளிவான அடையாளங்களால்: அடக்க முடியாத வேட்கை, அளவு கைமீறுதல், அதே போதைக்கு மேலும் மேலும் தேவைப்படுதல், விட்டால் உடல் படுத்துதல், மற்ற அக்கறைகள் கழன்றுபோதல், கேடு தெரிந்தும் தொடர்தல். இவற்றில் எங்கேயாவது மனைவியின் சமையல் வருகிறதா? அவள் சிரித்த முகம் வருகிறதா?

கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14446 என்ற எண்ணில் கட்டணமில்லாமல் பேசலாம். ஆனால் ஜீப்பைத் தவறவிட்டு அவரைக் கானாவிலக்குக்குக் கூட்டிப்போகும் நாளின் கூலியை யார் தருவது? மது விற்ற வருமானத்திலிருந்து அதைக் கொடுங்கள். போடியிலேயே, மாலை ஆறு மணிக்குப் பிறகு, அவள் மலையிறங்கி வந்த பின்னும் திறந்திருக்கும் ஒரு சிகிச்சை அறை வையுங்கள். டாஸ்மாக் அந்நேரம் திறந்துதானே இருக்கிறது.