பாட்டி டிரெயினிங்

எதிர் ஃப்ளாட்டில் ஒரு பையன். வயது இரண்டரை. ப்ளே ஸ்கூலில் சேர்த்த நான்காம் நாள், காலை பதினோரு மணிக்கு அவன் அம்மாவுக்கு ஆபீஸில் போன். “பையன் ஆய் போய்ட்டான். வந்து கூட்டிட்டுப் போங்க.”

அந்தப் பெண் மேனேஜரிடம் கெஞ்சி, ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர முக்கால் மணி நேரம். பையன் வராந்தாவில் காலை அகட்டிக்கொண்டு தனியாக நிற்கிறான். அதுவரை யாரும் கழுவிவிடவில்லை. கேட்டால், “டாய்லெட் டிரெயினிங் ஆகியிருக்கணும்னு ஃபாரத்திலேயே போட்டிருக்கோமே மேடம்!”

ஃபாரத்தை வாங்கிப் பார்த்தேன். நிஜம்தான், அச்சடித்தே இருக்கிறார்கள். பி.காம். படித்த புத்தி, ஃபீஸ் ரசீதையும் பார்த்தேன். ஆக்டிவிட்டி, ஆண்டு விழா, ஃபோட்டோ என்று ஏழு தலைப்பில் காசு வாங்கியிருக்கிறார்கள். கால் கழுவிவிட மட்டும் தலைப்பு இல்லை. ஒரு காசு ஃபீஸ் வாங்காத அங்கன்வாடியில், குழந்தைகளைச் சுத்தமாக வைத்துக்கொள்வது உதவியாளரின் வேலைகளில் ஒன்று. ஆயிரக்கணக்கில் வாங்குகிறவர்களுக்கு அது கௌரவக் குறைச்சல்!

கதை இதோடு முடியவில்லை. அன்று ராத்திரி அப்பா இரண்டு அடி வைத்தார். “ச்சீ, அசிங்கம்! வெக்கமா இல்ல?” பையன் புரிந்துகொண்டான். ஆனால் அவர் நினைத்த மாதிரி இல்லை. ‘ஆய் வந்தால் அடி விழும். ஆகவே ஆய் வரக்கூடாது.’ நான்கு நாள் போகவே இல்லை.

இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அடக்கினால் குடல் மலத்திலிருக்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மலம் கல்லாகும். அடுத்த முறை போகும்போது உயிர் போகிற வலி. வலிக்கு பயந்து இன்னும் அடக்கும். நாளாக ஆக மலக்குடல் விரிந்து, ‘வருது’ என்கிற உணர்வே மங்கிப்போகும். அப்புறம் கெட்டி மலத்தின் ஓரமாகத் தண்ணியாக ஒழுகி, ஜட்டியில் கறை படும். குழந்தைக்கே தெரியாமல் நடப்பது இது. அதைப் பார்த்து, “திமிரு பாரு, வேணும்னே பண்றான்” என்று இன்னும் இரண்டு அடி! நாமே நோயைக் கொடுத்து, நாமே அதற்கு தண்டனையும் கொடுக்கிறோம்.

இந்த அவசரம் நமக்கு மட்டும் சொந்தமல்ல. 1930களில் அமெரிக்க அரசாங்கமே தாய்மார்களுக்குப் புத்தகம் போட்டுக் கொடுத்தது. கைக்குழந்தையைக் கடிகாரம் பார்த்து உட்கார வை, வராவிட்டால் சோப்புக் குச்சியைச் செருகு என்கிற ரீதியில் அறிவுரை. 1962-ல் பிரேசில்டன் என்கிற குழந்தை டாக்டர், தான் பத்து வருஷம் கவனித்த 1,170 குழந்தைகளைப் பற்றி எழுதினார். குழந்தை தயாராகும்வரை காத்திருங்கள் என்றார். அந்தக் குழந்தைகள் பகலில் தேறிய சராசரி வயது சுமார் 28 மாதம். சராசரி என்றால் அதற்கு மேலேயும் நிறையப் பேர் உண்டு என்பது கணக்குப் படித்த யாருக்கும் தெரியும். ப்ளே ஸ்கூல் முதலாளிக்குத் தெரியவில்லை.

அந்த பிரேசில்டனே 1990களில் டயப்பர் கம்பெனி விளம்பரத்தில் வந்து நின்றார் என்பது தனிக்கதை. காத்திருப்பதிலும் சிலருக்கு லாபம்! ஒரு நாளைக்கு நாலு டயப்பர், ஒன்று பத்து ரூபாய் என்று வைத்தாலும் முப்பது மாதத்துக்கு முப்பத்தாறாயிரம். நான் சொல்லும் பொறுமை, டயப்பரை மாட்டிவிட்டு மறந்துபோவது அல்ல.

இங்கிலீஷில் இதற்குப் பெயர் ‘பாட்டி டிரெயினிங்’. நம் வீடுகளில் நிஜமாகவே பாட்டிதான் டிரெயினிங் கொடுத்தாள். காலை நீட்டி, பாதத்தின்மேல் குழந்தையை உட்கார வைத்து, “ஸ்ஸ்ஸ்...” என்று சத்தம் கொடுத்து, காக்கா கதை ஒன்று சொல்லி முடிப்பதற்குள் காரியம் ஆகிவிடும். பாட்டிகள் எல்லாம் தெய்வம் என்று சொல்ல வரவில்லை. பாயை நனைத்தால் சூடு வைத்த பாட்டிகளும் உண்டு. ஆனால் அவளிடம் நேரம் இருந்தது. ‘ச்சீ’ என்று முகம் சுளிக்காத கை இருந்தது.

அந்த இரண்டும் உங்களிடம் இருந்தால் போதும். இரண்டு மணி நேரம் ஜட்டி காய்ந்தே இருக்கிறதா? திரைச்சீலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு முக்குகிறதா? தயாராகிவிட்டது. சாப்பிட்டதும் குடல் தானே அசையும், அப்போது ஐந்து நிமிஷம் உட்கார வையுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் கால் அந்தரத்தில் தொங்காமல் ஒரு ஸ்டூல் போடுங்கள். வரவில்லையா, “சரிடா, கக்கா இன்னிக்கு லீவு போல” என்று தூக்கிவிடுங்கள். வந்தால் அதற்கு டாட்டா காட்டச் சொல்லுங்கள். எதிர்வீட்டுப் பையனை இப்போது இப்படித்தான் தேற்றுகிறார்கள். போனால் போகிறது, தரையில் போய்விட்டால் துடைத்தால் போயிற்று. ராத்திரியில் நனைப்பது இன்னும் தாமதமாகத்தான் நிற்கும். ஐந்து வயதுவரை டாக்டர்களே அதை வியாதி என்று சொல்வதில்லை.

ப்ளே ஸ்கூலுக்குப் பணம் கட்டும் முன் சிலபஸ் கேட்காதீர்கள். ஏ.சி. உண்டா என்று கேட்காதீர்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “என் பிள்ளை ஆய் போய்ட்டா, யாருங்க கழுவிவிடுவீங்க?”

முகம் சுளித்தால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.