சுற்றுவது கை, துளைப்பது பாரம்

கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபொழுது, தமிழாசிரியராகிய எம்மிடமிருந்து அவர்கள் எதிர்பார்த்தது இலக்கியம் பற்றியதாகவே இருந்திருக்கும். நாம் எழுதப் புகுவதோ, மரத்திலும் இரும்பிலும் துளையிடும் கைத்துறப்பணத்தைப் பற்றி. இஃது எமக்கு உரிய பொருளன்று எனக் கருதும் அன்பர்கள் சிறிது பொறுத்தருள வேண்டும். விழா நிதியை எவ்வழியிற் செலவிடலாம் என்னும் ஆலோசனை நடைபெறும் இவ்வேளையில், எம் உள்ளத்திலுள்ள கருத்தைச் சொல்லுதற்கு இக்கருவியே தக்க வாயிலாக எமக்குத் தோன்றியது.

2022ஆம் ஆண்டை எவரும் மறந்திரார். அவ்வாண்டு மார்ச்சு மாத முடிவில் நாளொன்றுக்குப் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றது. 900 மெகாவாட் வலுவுடைய நுரைச்சோலை அனல்மின் நிலையம் எம் புத்தளம் மாவட்டத்திலேயே இருக்கவும், மதுரங்குளியில் நாம் குப்பி விளக்கைத் துடைத்து ஏற்றினோம். அந்நாட்களில் ஒருநாள், உடைந்து கிடந்த வாங்குகளைத் திருத்தும் பணியை உயர்வகுப்பு மாணவர் சிலரிடம் ஒப்படைத்திருந்தோம். மின் துறப்பணம் இருந்தது, மின்சாரம் இல்லை. அயலிலிருந்த முதிய தச்சாசாரியார் ஒருவர் தம் வீட்டுப் பரணிலிருந்து ஒரு கைத்துறப்பணத்தைக் கொணர்ந்து தந்தார். மாணவர் அதன் கைப்பிடியைப் பற்றி வெறிகொண்டாற் போலச் சுற்றினர். பற்சில்லுகள் கிறீச்சிட்டன, வியர்வை ஒழுகிற்று, வாங்கின் இரும்புக் காலில் ஒரு பொட்டளவு பள்ளந்தான் விழுந்தது. இரண்டு அலகுகள் முறிந்தன.

“ஐயா, இவ்வளவு வேகமாய்ச் சுத்தியும் ஏன் இறங்குதில்லை?” என்றான் ஒருவன்.

“தம்பி, சுத்துறது கை, துளைக்கிறது பாரம். நீர் கையை நம்பிறீர்” என்றார் பெரியவர். பின்னர் அவர் கருவியின் தலையை நெஞ்சிற் பொருத்தி, உடலின் பாரத்தை அதன்மேற் சாய்த்து, ஆறுதலாகச் சுற்றினார். இரும்பு சுருள் சுருளாக எழுந்து வந்தது.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் நிற்கும் எமக்கு அவ்வொரு வாக்கியம் பெரும் பாடமாயிற்று. அதன் பொருளை ஆராய்ந்தபோது, துறப்பணத்தின் வரலாறு முழுவதும் அதனுள் அடங்கியிருக்கக் கண்டோம்.

இக்கரையோரத்தார்க்குத் துளையிடுங் கலை புதியதன்று. புத்தளத்துக்கு வடக்கேயுள்ள பொம்பரிப்பில் 1970ஆம் ஆண்டு நிகழ்ந்த அகழ்வில், முதுமக்கட்டாழிகளோடு மணிகளும் வெளிப்பட்டன. மணி என்றால் துளை உண்டு. துளை என்றால் துளைத்த கை உண்டு. மன்னார்க் கடலின் முத்துக்குளிப்பைப் பற்றி 1807ஆம் ஆண்டில் வெளிவந்த தமது இலங்கை வரலாற்று நூலில் எழுதிய யேம்சு கோடினர் என்னும் பாதிரியார், முத்துத் துளைப்போரின் கருவியையும் விவரித்துள்ளார். மூன்று கால்களின்மேல் நிறுத்திய, தலைகீழ்க் கூம்பு போன்ற மரக்கட்டை. அதன் மேற்பரப்பிற் பல அளவான சிறு குழிகள். குழியில் அமர்த்திய முத்து. தொழிலாளி இடக்கையால் துறப்பணத்தின் மரத்தலையை அழுத்துவான். வலக்கையால் வில்லை இழுத்து அதனைச் சுழற்றுவான். இடையிடையே வலக்கைச் சுண்டுவிரலைத் தேங்காய்ச் சிரட்டை நீரிலே தோய்த்து முத்தை நனைப்பான்.

இதனைக் கூர்ந்து நோக்குக. துளைக்கப்படும் பொருள் அசையாது நிற்றல், அழுத்தம் ஒரு கையின் தனித் தொழிலாதல், சூடேறாது நனைத்தல் என்னும் மூன்று இலக்கணங்களும் அவ்வெளிய கருவியில் அமைந்துள்ளன. பின்வந்தோர் செய்த திருத்தங்கள் யாவும் இவற்றை மரமும் இரும்பும் துளைக்கும் பெருந்தொழிலுக்கு ஏற்ப விரித்தவையே.

வில்லுக்கு ஒரு குறை உண்டு. அது போய்ப்போய் வருவது. ஆதலின் அலகும் வலமும் இடமும் மாறிச் சுழலும். அத்தகைய அலகு இரு திசையிலும் சுரண்டுமேயன்றி ஒரு திசையிற் கூர்மையாக வெட்டமாட்டாது. ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டில் வழக்கிற்கு வந்த வளைபிடித் துறப்பணம் இக்குறையை நீக்கிற்று. கை வட்டமாகச் சுற்ற, அலகு ஒரே திசையில் இடைவிடாது சுழன்றது. அடுத்துவந்த திருத்தம் சாய்வுப் பற்சில்லு. கைப்பிடியோடு சேர்ந்த பெரிய சில்லுக்கு 60 பற்களும், அலகோடு சேர்ந்த சிறிய சில்லுக்கு 15 பற்களும் இருப்பின், கை ஒருமுறை சுற்ற அலகு நான்கு முறை சுழலும்.

அமெரிக்கரான தீபன் மோர்சு என்பார் 1863ஆம் ஆண்டில், முறுக்கிய பள்ளம் ஓடும் அலகுக்குப் புத்தாக்க உரிமை பெற்றார். அதற்கு முன்னர் வழங்கிய தட்டை அலகு தான் வெட்டிய துகளிலேயே சிக்குண்டு நிற்கும். முறுக்கலகோ துகளைத் தானே மேலே ஏற்றி வெளியே தள்ளும். ஒரே திசையிற் சுழற்சி இல்லையெனின் அப்பள்ளத்தாற் பயனில்லை. ஒரு திருத்தம் இன்னொரு திருத்தத்துக்கு வாயில் திறந்தவாற்றை இங்கே காண்கிறோம். மறுவாண்டில், 1864இல், வில்லியம் பார்பர் என்பார் அலகைக் கவ்வும் வாய்க்கு உரிமை பெற்றார். புரியோடு கூடிய உறையைத் திருகினால் இரு தாடைகளும் நெருங்கி அலகை இறுகப் பற்றும். இன்று மாணவர் கையாளும் துறப்பணத்தின் வாயும் அதன் வழிவந்ததே.

இனிப் பெரியவரின் வாக்குக்கு வருவோம். நிமிடத்துக்கு 60 முறை கைப்பிடியைச் சுற்றினால் அலகு 240 முறை சுழலும். 6 மில்லிமீற்றர் அலகின் சுற்றளவு ஏறத்தாழ 19 மில்லிமீற்றர். ஆகவே அதன் விளிம்பு நிமிடத்துக்கு நான்கரை மீற்றர் அளவே வெட்டிச் செல்கின்றது. நல்ல உருக்கலகு மெல்லிரும்பில் ஏறத்தாழ 25 மீற்றர் வேகத்தையும் தாங்கும். ஆயின் நாம் எவ்வளவு விரைந்து சுற்றினும் அதன் தாங்குதிறனை எட்டமாட்டோம். கைத்துறப்பணம் வேகத்தில் மின்கருவியோடு போட்டியிட்டு வெல்லாது. அது வெல்லக்கூடிய இடம் அழுத்தமும் நேர்மையும் ஆகும். அலகு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மெல்லிய ஏட்டைச் சீவி எடுத்தல் வேண்டும். அழுத்தம் போதாதெனின் அது சீவாது தேய்க்கும். தேய்த்தால் முனை மழுங்கும். மழுங்கினால் மேலும் தேய்க்கும். எம் மாணவர் முறித்த இரண்டு அலகுகளும் இவ்வழியாகவே மழுங்கி, ஈற்றிற் கருவி சரிந்தபோது ஒடிந்தன.

கம்மாலைகளில் தூணோடு பொருத்தி வைக்கும் கைத்துறப்பணம் இவ்வுண்மையை அறிந்த ஒருவரின் படைப்பு. அதன் உச்சியிற் கனமான சுழற்சில்லொன்று உண்டு. கை தளரும் இடத்திலும் அது சுழற்சியைத் தளரவிடாது. கைப்பிடி ஒவ்வொரு முறை சுற்றும்போதும் ஒரு நெம்பு எழுந்து, ஒரு நாக்கினால் பற்சில்லொன்றை ஒரு பல் தள்ளும். அச்சில்லு புரியாணியைத் திருக, அலகு மயிரிழையளவு கீழிறங்கும். அழுத்தும் வேலையை நெஞ்சிலிருந்து புரியாணி ஏற்றுக்கொண்டது. முத்துத் துளைப்போனின் இடக்கை இரும்பாகி நிற்கின்றது என்று கூறின் மிகையாகாது.

இவ்வளவும் பிறர் செய்து முடித்தவை. எம் ஊருக்கென இன்னுஞ் செய்ய வேண்டியவை இல்லையா? உண்டு. அவற்றுள் நான்கினைச் சொல்வோம்.

முதலாவது, எமது பகை துரு. ஒருபுறம் கடலும் ஒருபுறம் களப்புமாக உள்ள இந்நிலத்திற் சோளகக் காற்று வீசும் மாதங்களில், திறந்திருக்கும் பற்சில்லு சில வாரங்களிற் செம்மை பூக்கும். பற்சில்லுகளை ஒரு மூடிய கூட்டினுள் அமைத்து எண்ணெயிலே தோய வைத்தல் வேண்டும். இரண்டாவது, கீழ்நோக்கி அழுத்தும் பாரத்தை வெறும் இரும்பு வளையம் தாங்குமிடத்தில் உராய்வு மிகும். அங்கே குண்டுகள் உருளும் தாங்கியை வைப்பின் கையின் உழைப்பு வீண்போகாது. மூன்றாவது, கருவியில் அன்று, கையாளும் முறையிலே செய்யும் திருத்தம். முறுக்கலகின் நடுமுனை வெட்டுவதில்லை; இரும்பை நசுக்கி ஒதுக்குகின்றது. அழுத்தத்திற் பெரும்பங்கு அதற்கே போகின்றது. முதலில் மெல்லிய அலகாற் சிறு வழித்துளை இட்டுப் பின்னர்ப் பெரிய அலகை ஓட்டினால் வேலை பெரிதும் இலகுவாகும்.

நான்காவது, துவிச்சக்கரவண்டி. பழகிய ஒருவர் கால்களால் மிதித்து நீண்டநேரம் தரக்கூடிய வலு ஏறத்தாழ 75 வாட். கைகளால் அவ்வளவு இயலாது. பழைய வண்டியின் மிதிசில்லு 44 பற்களும் பின்சில்லு 18 பற்களும் உடையதாயின், சுழற்சி ஏறத்தாழ இரண்டரை மடங்காகும். மிதிப்பதை நிறுத்தினும் பின்சில்லு தன்பாட்டிற் சுழல விடும் அமைப்பு அவ்வண்டியிலேயே உண்டு. சுழற்சில்லுக்கு அதுவே போதும். இரு கைகளும் விடுதலை பெற்று, ஒன்று அழுத்தத்தையும் மற்றொன்று பொருளையும் கவனிக்கும். ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் துருப்பிடித்துக் கிடக்கும் வண்டிகளை எண்ணிப் பார்க்க.

“மலிவான மின் துறப்பணம் கடைதோறும் தொங்குகையில், பழையதைத் திருத்துவானேன்?” என்று கேட்பார் உளர். கேள்வி நியாயமானதே. மின்கருவியை நாம் வெறுப்போமல்லோம். ஒருநாளில் நூறு துளையிட்டு உழைப்பவரிடம் அதனை விட்டுவிடச் சொல்வது அறிவீனம். ஆயினும் மின்கருவி தன் உடலை மூடிக்கொண்டு வேலை செய்கின்றது. பொத்தானை அழுத்தும் மாணவன் துளையைக் காண்கிறான். துளை எவ்வாறு நிகழ்ந்தது என்பதைக் காணான். கைக்கருவியில் ஒவ்வொரு பல்லும் கண்முன்னே நகர்கின்றது. பிழை செய்தால் கை உடனே அறிகின்றது. கற்பதற்கு இதனினும் நல்ல ஏடு எது? 2013ஆம் ஆண்டில் உயர்தர வகுப்புக்குத் தொழினுட்பப் பிரிவு வந்தது. நெம்பையும் புரியையும் வரைந்து புள்ளி பெறும் பிள்ளைகள் பலர், அவற்றைத் தொட்டுப் பாராமலே பரீட்சை மண்டபத்தை விட்டு வெளியேறுகின்றனர்.

இதன்கண் தமிழாசிரியர்க்கும் ஒரு கவலை உண்டு. பலகையில் இடும் துளைக்குத் தமர் என்றும், அதனைத் துளைக்கும் ஊசிக்குத் தமரூசி என்றும், பெருந்துளைக் கருவிக்குத் துறப்பணம் என்றும் எம் மொழியிற் பெயர்கள் உண்டு. அகராதி அவற்றைக் காப்பாற்றமாட்டாது, கையே காப்பாற்றும். தச்சாசாரியார் பரணிலிருந்து இறக்கியது கருவியை மட்டுமன்று, அதனோடு சேர்ந்த ஒருபிடி சொற்களையும் ஆகும். அன்று அங்கிருந்த மாணவருள் ஒருவரேனும் துறப்பணம் என்னுஞ் சொல்லை அதற்குமுன் கேட்டதில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். வெட்கம் அவர்களுக்கன்று, எமக்கு.

ஆண்டுதோறும் வாணிவிழாவில் நூல்களோடு கருவிகளையும் வைத்துப் பூச்சூட்டுகிறோம். மறுநாள் நூல்களை எடுத்துப் படிக்கிறோம். கருவிகளை அலுமாரியில் வைத்துப் பூட்டுகிறோம். படிப்பு ஏறாதவனுக்குத் தொழில் என்னும் எண்ணத்தை நாமே பிள்ளைகளின் நெஞ்சில் விதைத்துவிட்டோம். அவ்வெண்ணம் தச்சன் மகனைத் தச்சுப்பட்டறையிலிருந்து அகற்றியது. வேறெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்ததுமில்லை.

ஆதலின் பழைய மாணவராகிய பெருமக்களிடம் எம் விண்ணப்பம் இதுவே. நுழைவாயிலில் வளைவு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அது பின்னர் எழுக. முதலிற் கல்லூரியின் ஒரு மூலையிற் சிறிய தொழிற்கூடம் எழுக. அங்கே தூணிற் பொருத்திய கைத்துறப்பணங்கள் இரண்டு, மிதித்து ஓட்டும் துறப்பணம் ஒன்று, பொருளைக் கவ்வும் குறடுகள், 3 மில்லிமீற்றர் முதல் 12 மில்லிமீற்றர் வரையான அலகுகள் ஆகியன இருப்பின் தொடக்கத்துக்குப் போதும். ஊரிலுள்ள தச்சரையும் கொல்லரையும் தவணைதோறும் அழைத்து, ஆசிரியர்க்குரிய கதிரையும் ஆசிரியர்க்குரிய மதிப்பும் ஊதியமும் கொடுத்துக் கற்பிக்கச் செய்க. ஆண்டுக்கு ஓர் உறுப்பையேனும் மாணவர் திருத்துக. என்ன திருத்தினோம், ஏன் திருத்தினோம் என்பதைத் தூய எளிய தமிழில் எழுதிக் கல்லூரிச் சஞ்சிகையில் வெளியிடுக. அக்கட்டுரைகளைப் படித்துப் பிழை திருத்தித் தரும் பணியை நாம் மகிழ்ந்து ஏற்போம்.

அன்று திருத்திய வாங்கு இன்றும் எம் வகுப்பறையில் இருக்கின்றது. அதன் இரும்புக் காலில் இரண்டு துளைகள்: ஒன்று ஒழுங்கற்றது, மாணவர் இட்டது; மற்றொன்று வட்டமானது, பெரியவர் இட்டது. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இரண்டையும் காட்டுகிறோம். விழாக் காணும் கல்லூரியிடம் நாம் வேண்டுவது, முதலாவது துளையை இட்ட கைகளே இரண்டாவதையும் இடப் பழகுவதற்கு ஓர் இடம்.