கூல்னா சும்மாவா?

செல்போன் புதுசா? கூல். அரியர் விழுந்துச்சா? 'கூல்டா மச்சி'. எல்லாத்துக்கும் ஒரே வார்த்தை!

பழைய ஆங்கிலத்தில் இதற்குக் குளிர்ச்சி என்று அர்த்தம். நிதானம் என்றும் அர்த்தம் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் காசோடும் ஒட்டிக்கொண்டது: 'கூல் தவுசண்ட்' என்றால் முழுசா ஆயிரம் (காமர்ஸ் படிப்பவனுக்கு இதுதான் பிடிக்கும்).

நாம் இன்று சொல்லும் 'கூல்' அமெரிக்கக் கறுப்பின மக்கள் தந்தது. 1940களில் ஜாஸ் கலைஞர்கள் இதைப் பரப்பினார்கள். மைல்ஸ் டேவிஸின் 'பர்த் ஆஃப் தி கூல்' ஆல்பம் 1957இல் வந்தது. 1959இல், தான் வாசித்துக்கொண்டிருந்த நியூயார்க் கிளப் வாசலில் சும்மா நின்ற அவரையே போலீஸ் மண்டையில் அடித்து ரத்தம் வரவைத்தது.

கோபத்தைக் காட்டினால் உயிருக்கே ஆபத்து என்ற ஊரில், உள்ளே கொதித்தும் முகத்தில் காட்டாமல் நிற்பதற்குப் பெயர்தான் கூல். அதைப் போய் கூலிங் கிளாஸ் விளம்பரத்துக்கு வைத்துவிட்டோமே, எனக்கு அதுதான் கடுப்பு.