விளையாட்டு உபாத்தியாயர் எங்கே?

மாமல்லன் என்றால் பெரிய மல்லன் என்று பொருள். ஏழாம் நூற்றாண்டில் காஞ்சியிலிருந்து அரசாண்ட முதலாம் நரசிம்மவர்மனுக்கு வழங்கிய பட்டம் அது. அப்பட்டத்தையே பெயராகக் கொண்ட மாமல்லபுரத்திலும், அதைச் சூழ்ந்த செங்கற்பட்டு ஜில்லாவிலும், ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை வாசிக்கும் நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடியாடி விளையாடுகிறார்கள் என்று ஒருவர் விசாரிக்கப் புகுந்தால், அவருக்குக் கிடைக்கும் பதில் மல்லன் பெயருக்குப் பெருமை தருவதாயிராது.

பெரிய பந்தயங்களுக்கு இங்கே குறைவில்லை. 2022-ம் வருஷம் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் 44-வது சதுரங்க ஒலிம்பியாட் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நடந்தது. 180-க்கு மேற்பட்ட தேசங்களிலிருந்து ஆட்டக்காரர்கள் வந்தார்கள். (கடற்கரையோரமாகத் தெற்கே சில மைல் போனால் சதுரங்கப்பட்டினம் என்றே ஓர் ஊர் இருப்பதை வந்தவர்களுக்கு யாரேனும் சொன்னார்களோ என்னவோ!) 2024 ஜனவரியில் 'கேலோ இந்தியா' இளைஞர் பந்தயங்கள் தமிழ்நாட்டில் நடந்தபோது நம் பிள்ளைகள் 38 தங்கப் பதக்கங்கள் பெற்று இந்தியாவில் இரண்டாம் இடத்தை அடைந்தார்கள். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியும் மாமல்லபுரத்துக் கடலிலேயே நடந்தது. இவற்றையெல்லாம் வெறும் ஆடம்பரம் என்று தள்ளும் கட்சியை நாம் சேர்ந்தவரல்ல. கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்னும் மீனவர், குப்பத்துப் பிள்ளைகளுக்கு அலைச்சறுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கி அந்த ஊரின் பெயரை அயல்நாட்டாரும் அறியச் செய்திருக்கிறார். அதற்காக நாம் மனப்பூர்வமாய்ச் சந்தோஷப்படுகிறோம். ஆனால் பந்தயம் என்பது கோபுரம். பள்ளிக்கூடத்து மைதானம் அல்லவா அஸ்திவாரம்? அந்த அஸ்திவாரத்தைப் பற்றியே நமக்குச் சந்தேகம்.

சட்டத்தைச் சற்றுப் பார்ப்போம். 2009-ம் வருஷத்துக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, பள்ளிக்கூடம் ஒவ்வொன்றுக்கும் விளையாட்டு மைதானம் இருக்கவேண்டும் என்கிறது. ஒவ்வொரு வகுப்புக்கும் தேவையான விளையாட்டுச் சாமான்கள் தரவேண்டும் என்கிறது. இந்த இரண்டு விஷயங்களிலும் பெரிய பள்ளி, சிறிய பள்ளி என்ற பேதமில்லை. ஆனால் விளையாட்டைக் கற்றுக்கொடுக்கும் மனிதர் விஷயம் வரும்போது சட்டம் சுருங்கிவிடுகிறது. ஆறு முதல் எட்டு வகுப்புகளைப் பற்றிய பகுதியில், பிள்ளைகளின் தொகை நூற்றுக்கு மேற்பட்டால்தான் தேகப்பயிற்சிக்கு ஒரு போதகர் வேண்டும் என்றும், அவரும் பகுதி நேரப் போதகராயிருந்தால் போதும் என்றும் கண்டிருக்கிறது. அதாவது நூற்றொரு பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு அரை உபாத்தியாயர். தொண்ணூற்றொன்பது பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு அதுவும் இல்லை!

இந்த ஷரத்தினால் அடிபடும் பள்ளிகள் எவை? செங்கற்பட்டு, மறைமலைநகர், கூடுவாஞ்சேரி போன்ற நெருங்கிய ஊர்களில் உள்ளவை அல்ல. கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்திலும், திருக்கழுக்குன்றத்துக்கு உட்புறத்துக் கிராமங்களிலும், மீனவர் குப்பங்களிலும் உள்ள சிறிய நடுநிலைப் பள்ளிகளே. வேறு வசதி எதுவும் இல்லாத பிள்ளைகள் எங்கே வாசிக்கிறார்களோ, அங்கேதான் சட்டம் கையை விரிக்கிறது. மைதானம் கொடு, பந்து கொடு, பழக்குவதற்கு ஆள் கொடுக்க வேண்டியதில்லை என்பது, வாத்தியம் வாங்கிக் கொடுத்துவிட்டு வித்துவானை வேண்டாம் என்பது போலாகும்.

நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகளின் கதி என்ன? 2012-ம் வருஷத்தில் தமிழ்நாடு சர்க்கார் ஓவியம், தேகப்பயிற்சி, கைத்தொழில் ஆகியவற்றுக்கு 16,000-க்கு மேற்பட்ட பகுதி நேர ஆசிரியர்களை நியமித்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. மாதச் சம்பளம் ரூ. 5,000. பிறகு சம்பளம் சிறிது சிறிதாக உயர்ந்ததுண்டு. உத்தியோகம் நிரந்தரமாக வேண்டுமென்று அவர்கள் வருஷக்கணக்காகக் கேட்டு வந்ததும் வாசகர்கள் அறிந்ததே. மூன்று அரை நாளில் மூன்று வகுப்புப் பிள்ளைகளை ஒரு கோஷ்டியாகப் பழக்கிவிட எந்த மகானாலும் ஆகாது.

இருக்கிற நேரமாவது பிள்ளைகளுக்குக் கிட்டுகிறதா? அதே சட்டம் இவ்வகுப்புகளுக்கு வருஷத்தில் 220 நாள், 1,000 மணி நேரம் கல்வி புகட்டவேண்டும் என்று விதிக்கிறது. வாரத்துக்கு நாற்பது நிமிஷ விளையாட்டு வேளை இரண்டு என்று வைத்துக்கொண்டால், நாற்பத்து நான்கு வாரங்களுக்கு அறுபது மணி கூட ஆகாது. நூற்றில் ஆறு பங்குக்கும் குறைவு. இந்த ஆறு பங்கிலும் கணக்கு உபாத்தியாயர் ஒரு பங்கு கேட்கிறார், விஞ்ஞான உபாத்தியாயர் ஒரு பங்கு கேட்கிறார். நாம் படித்த பள்ளிக்கூடத்தில், மழை பெய்தால் மைதானம் ஈரம் என்று கணக்குப் போடுவோம். வெயில் அடித்தால் சூடு அதிகம் என்று கணக்குப் போடுவோம். வானம் மேகமூட்டமாயிருந்த நாட்களில் விளையாடியதாக ஞாபகம். 2023-ம் வருஷத்தில் விளையாட்டுத் துறை மந்திரியாயிருந்த ஸ்ரீ உதயநிதி ஸ்டாலின், விளையாட்டு வேளையைக் கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் கடன் வாங்காதீர்கள் என்று உபாத்தியாயர்களைப் பகிரங்கமாகக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. மந்திரியே கேட்டுக்கொள்ளும் அளவுக்கு வழக்கம் வேரூன்றியிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டியதில்லை.

தமிழ்நாட்டுக்கு இந்த விஷயம் புதிதுமன்று. முற்காலத்துப் பள்ளிகளில் தேகப்பயிற்சி என்றால் பட்டாளத்திலிருந்து விலகி வந்தவர் கையில் பிரம்புடன் நடத்தும் 'டிரில்'தான். கை தூக்கு, கால் மாற்று, அவ்வளவே. 1920-ல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.ஸி.ஏ. தேகப்பயிற்சிக் கலாசாலையைத் தொடங்கிய பிறகே, அதற்கென்று பயிற்சி பெற்ற உபாத்தியாயர்கள் பள்ளிகளுக்கு வரலாயினர். 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்தியக் கோஷ்டியைப் பழக்கியவரும் அவரே. அவர் அமெரிக்காவில் பயின்ற ஸ்பிரிங்பீல்டு கலாசாலையில்தான் 1891-ல் கூடைப்பந்து பிறந்தது. பனிக்காலத்தில் வெளியே போக முடியாத வாலிபர்களுக்காக நெய்ஸ்மித் என்ற உபாத்தியாயர் இரண்டு பழக்கூடைகளை மேல்மாடத்துக் கைப்பிடியில் மாட்டி உண்டாக்கிய ஆட்டம் அது. நாலு வருஷம் கழித்து வந்த கைப்பந்தும் அதே ஒய்.எம்.ஸி.ஏ. வட்டாரத்தில் பிறந்தது. சிறிய இடம், சொற்பச் செலவு, நிறைய ஆள்: இவற்றை உத்தேசித்தே அவ்விரண்டு ஆட்டங்களும் உண்டாக்கப்பட்டன. நம் சடுகுடுவுக்கோ கூடையும் வேண்டாம், வலையும் வேண்டாம். மண்ணில் ஒரு கோடு போதும். அது 1990-ல் பெய்ஜிங் ஆசியப் பந்தயத்திலேயே இடம் பெற்றுவிட்டது. இன்று தேகப்பயிற்சிக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இதே செங்கற்பட்டு ஜில்லாவில், மேலக்கோட்டையூரில் இருக்கிறது. அதன் சுற்றுப்புறத்துக் கிராமப் பள்ளிகளில் விசில் ஊத ஆளில்லாமலிருப்பது நமக்கு விளங்காத விஷயம்.

ஓட்டம், தாண்டல் ஆகியவற்றைவிடக் கோஷ்டி ஆட்டங்களை நாம் ஏன் வற்புறுத்துகிறோம் என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். மாமல்லபுரத்துக் கரையில் விடியற்காலையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு நாம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு கயிற்றிலும் இழுப்பவர்கள் ஒரே தாளத்தில் இழுத்தால்தான் வலை கரை சேரும். அந்தப் பாடத்தைத் தகப்பன்மாரிடமிருந்து கற்றுக்கொண்டே குப்பத்துப் பிள்ளை பள்ளிக்கு வருகிறான். ஆனால் அவன் சேர்ந்து இழுத்ததெல்லாம் தன் குப்பத்தாருடன்தான். ஊர்த் தெருப் பையனும், காலனிப் பையனும், குப்பத்துப் பையனும் ஒருவன் தோளை ஒருவன் பற்றிக்கொண்டு ஒரே பக்கத்தில் நிற்பதற்கு இந்நாட்டில் உள்ள இடங்கள் மிகச் சில. திருவிழாச் சடுகுடுவில்கூடத் தெருவுக்கொரு கோஷ்டியாகப் பிரிந்து நின்று, ஆட்டம் அடிதடியில் முடிவதைக் கண்டிருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் கோஷ்டி பிரிப்பவர் உபாத்தியாயர். யார் யாரோடு சேரவேண்டும் என்பதை ஜாதியும் தெருவும் அங்கே தீர்மானிப்பதில்லை. அந்த உபாத்தியாயரே இல்லையென்றால் பிள்ளைகள் தாமே கோஷ்டி பிரித்துக்கொள்வார்கள். எப்படிப் பிரித்துக்கொள்வார்கள் என்பதை நாம் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

பெண் குழந்தைகளின் நிலைமை இன்னும் மோசம். பன்னிரண்டு, பதிமூன்று வயதில் வீட்டார் அவர்களை மெல்ல மெல்லத் தெருவிலிருந்து உள்ளே அழைத்துக்கொள்கிறார்கள். மாலையில் பையன்கள் ஏரிக்கரைக்கும் கடற்கரைக்கும் போய் ஆடிவிட்டு வரலாம். பெண்ணுக்குப் பள்ளி வேளையை விட்டால் வேறு வேளை இல்லை. உலக சுகாதார ஸ்தாபனத்தார் 2019-ல் வெளியிட்ட 146 தேசங்களின் கணக்கில், பதினொன்று முதல் பதினேழு வயதுள்ளவர்களில் போதிய தேக உழைப்பு இல்லாதவர்கள் பையன்களில் நூற்றுக்கு 78, பெண்களில் 85 என்று கண்டிருக்கிறது. 2025 அக்டோபரில் பஹ்ரைன் தேசத்து ஆசிய இளைஞர் பந்தயத்தில் இந்தியப் பெண்கள் சடுகுடுவில் தங்கம் பெற்றார்கள். அந்தக் கோஷ்டியின் உப தலைவி, பழைய மாமல்லபுரம் சாலையை அடுத்த கண்ணகி நகர் கார்த்திகா. அவர் போன்றவர்கள் இந்தக் கரையோரத்துப் பள்ளிகளில் எத்தனை பேர் சுவரோரம் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களோ!

குறுவட்டப் போட்டிகளும், குடியரசு தின, பாரதியார் தினப் போட்டிகளும் நடக்கின்றனவே என்பார்கள். நடக்கின்றன. ஒரு பள்ளியிலிருந்து பன்னிரண்டு பிள்ளைகள் போகிறார்கள். முதல் ஆட்டத்தில் தோற்றால் அன்றே திரும்புகிறார்கள். மற்றப் பிள்ளைகள் அந்த அளவும் ஆடுவதில்லை. நல்ல ஆட்டக்காரனைப் பொறுக்கி எடுப்பதற்கு அது ஏற்ற வழி. ஆனால் பொறுக்கப்படாத பிள்ளைக்கும் நுரையீரல் உண்டு, கால் உண்டு.

ஆகவே நம்முடைய யோசனை இது. நூற்றுக்குக் குறைந்த பள்ளிகளைத் தனித்தனியே விட்டுவிடாமல், குறுவள மையம் ஒன்றைச் சேர்ந்த மூன்று நான்கு பள்ளிகளுக்கு முழு நேரத் தேகப்பயிற்சி உபாத்தியாயர் ஒருவரை, முழுச் சம்பளத்தில், நியமிக்க வேண்டும். இயன்ற இடங்களில் பெண் உபாத்தியாயரையே நியமிக்க வேண்டும். அவர் நாளைக்கு ஒரு பள்ளியாகச் சென்று பழக்கட்டும். வாரத்தில் ஒரு நாள் அப்பள்ளிகளின் பிள்ளைகள் ஒரே மைதானத்தில் கூடி ஆடட்டும். ஆறாம் வகுப்புக்கு ஒரு கோஷ்டி, ஏழாம் வகுப்புக்கு ஒரு கோஷ்டி என்று வருஷம் முழுவதும் ஆட்டம் நடக்கட்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. சட்டம் குறைந்த அளவைச் சொல்கிறதேயன்றி, அதற்கு மேல் செய்யாதே என்று சர்க்காரைத் தடுக்கவில்லை. பணமில்லை என்ற வாதம் செல்லாது. சதுரங்க ஒலிம்பியாடுக்கு நான்கே மாதத்தில் நூறு கோடி ரூபாய் அளவுக்கு ஒதுக்க முடிந்த ராஜ்யம் இது. 2024-ல் கிராம ஊராட்சிகளுக்கு விளையாட்டுச் சாமான்கள் வழங்கியதும் இந்த ராஜ்யமே. அந்தப் பந்துகளெல்லாம் ஊராட்சி அலுவலகத்து அலமாரியிலிருந்து வெளியே வருவதற்கும் ஓர் ஆள் வேண்டுமல்லவா?

ஊர்ப் பொது வேலையில் ஈடுபட்டிருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய தினங்களில் கிராம சபைகள் கூடுகின்றன. அடுத்து வரும் கூட்டத்தில் இரண்டு கேள்விகளை எழுப்பி, கிடைக்கும் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்யுங்கள். நம் ஊர்ப் பள்ளியின் மைதானம் எந்த சர்வே நம்பரில், எத்தனை சென்டு, இப்பொழுது யார் வசம் இருக்கிறது? ஆறாம் வகுப்புப் பெண் குழந்தைகள் கடைசியாகப் பந்தைத் தொட்டது என்று?