ஆணையத்தில் யார் உட்காருகிறார்கள்?

மாண்புமிகு தமிழ்நாடு முதலமைச்சர் அவர்களுக்கு,

பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் பசியாவரத்திலிருந்து எழுதுகிறேன். கரண்டுக் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லும் மனு இல்லை இது. 2016 முதல் வீடுகளுக்குக் கிடைக்கும் 100 யூனிட் சலுகை எங்கள் வீடுகளுக்கும் வருகிறது. நான் கேட்க வந்தது வேறு. மின்கட்டணத்தை நிர்ணயிக்கும் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தில் யாரை உட்கார வைக்கிறீர்கள், எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதைப் பற்றியது.

மீன்பிடி ஊருக்கு இதில் என்ன வேலை என்று தோன்றலாம். பிடித்த இறாலும் நண்டும் கெடாமல் விலை போக ஐஸ் வேண்டும். கரண்டு விலை ஏறினால் ஐஸ் விலையும் ஏறும். அதைவிடப் பெரிய காரணம் எங்களுக்குத் தெற்கே இருக்கிறது. அத்திப்பட்டிலும் வல்லூரிலும் நிலக்கரியை எரித்து மாநிலத்துக்கு வெளிச்சம் தருகிறார்கள். வட சென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் கலந்ததற்கு மின்வாரியமே பொறுப்பு என்று பசுமைத் தீர்ப்பாயம் 2022 ஜூலையில் சொன்னது. சாம்பலைக் கொண்டுபோகும் குழாய் உடைந்தால் அதை மாற்றும் செலவு கட்டணக் கணக்கில் ஏறுமா, ஏறாதா என்பதை முடிவு செய்ய வேண்டியது இந்த ஆணையம். கடனில் தத்தளிக்கும் நிறுவனம் முதலில் தள்ளிப்போடுவது பராமரிப்பைத்தான். அந்தத் தள்ளிப்போடலை வலையில் பார்ப்பவர்கள் எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரை இருக்கும் மீனவர்கள்.

கடன் எப்படி வந்தது? 2003 மார்ச்சுக்குப் பிறகு 2010 ஆகஸ்ட் வரை தமிழ்நாட்டில் மின்கட்டணம் ஏறவில்லை. 2014 டிசம்பருக்குப் பிறகு 2022 செப்டம்பர் வரை மறுபடியும் ஏறவில்லை. இரண்டு இடைவெளிக்குள்ளும் சட்டமன்றத் தேர்தல்கள் வந்து போயின. இரண்டு கழகங்களும் இரண்டு இடைவெளியிலும் ஆட்சியில் இருந்திருக்கின்றன. ஆகவே கட்சி பார்த்துச் சொல்லவில்லை. வாரியம் மனுப் போடாவிட்டால் ஆணையமே முன்வந்து கட்டணத்தை நிர்ணயிக்க வேண்டும் என்று மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2011 நவம்பரில் உத்தரவிட்டது. அந்த உத்தரவுக்குப் பிறகுதான் இரண்டாவது இடைவெளியே வந்தது. 2021-ல் மின்வாரியத்தின் கடன் ஒன்றரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியிருந்தது. ஏழைக்குச் சலுகை தர அரசுக்கு முழு உரிமை உண்டு. அதற்கான பணத்தை முன்கூட்டியே செலுத்திவிட வேண்டும் என்கிறது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 65-வது பிரிவு. கட்டணத்தையே பேசாமல் நிறுத்தி வைப்பது சலுகை ஆகாது.

கடலுக்கு அந்தப் பக்கம் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் தலைவர் ஜனக ரத்நாயக்க, 2023 பிப்ரவரியில் 66 சதவீதக் கட்டண உயர்வை எதிர்த்தார். மே 24 அன்று நாடாளுமன்றம் 123-க்கு 77 என்ற வாக்கில் அவரை நீக்கியது. அவர் கணக்கு சரியா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. நாடு திவாலாகியிருந்த நேரம் அது. ஆனாலும் அவரை அகற்றுவதற்கு நாடாளுமன்றத்தில் விவாதித்து, கை தூக்க வேண்டியிருந்தது. யார் தூக்கினார்கள் என்று மக்களுக்குத் தெரிந்தது. இங்கே அப்படி யாரையும் நீக்க வேண்டிய தேவையே எழுவதில்லை. சங்கடம் தராத ஒருவரை முதலிலேயே நியமித்துவிட்டால் போதும்.

நம் மின்சாரச் சட்டத்தில் குறை அதிகமில்லை. 85-வது பிரிவின்படி தேர்வுக் குழுவுக்குத் தலைவர் ஓர் உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி. ஒவ்வொரு இடத்துக்கும் அந்தக் குழு இரண்டு பெயர்களைத் தரும். அவற்றில் ஒன்றை அரசு எடுக்கும். பதவிக்காலம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே இந்த வேலை தொடங்க வேண்டும். சட்டம் அறிந்த ஒருவராவது ஆணையத்தில் இருந்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்தது. ஆனால் 2022-ல் அத்தனை பெரிய கட்டண உயர்வு விசாரணைக்கு வந்தபோது சட்ட உறுப்பினர் நாற்காலி காலி. அதனால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் தனி நீதிபதி இறுதி உத்தரவுக்குத் தடை போட்டார்; மேல்முறையீட்டில் தடை விலகியது; செப்டம்பர் 10 முதல் புதுக் கட்டணம். நீதிமன்றம் வரை போயிருக்க வேண்டிய விஷயமா இது?

எங்கள் ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில் யார், என்றைக்கு வலை விரிப்பது என்பதை முறை வைத்துப் பிரிப்பார்கள். பாடு உரிமை இல்லாதவர்களின் மனக்குறை தனிக்கதை. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் பெரிய படகு வைத்திருப்பவர் முறையை மாற்றிவிட முடியாது. மின்வாரியத்தின் உரிமையாளர் அரசு. அதன் கணக்கைச் சரிபார்ப்பவரை நியமிப்பதும் அரசே என்னும்போது, நியமனம் எல்லோர் கண்ணுக்கும் தெரிய வேண்டும்.

ஆகவே அடுத்த காலியிடத்துக்கு விண்ணப்பித்தவர்களின் பெயர்களையும், குழு தந்த இரண்டு பெயர்களையும், அவற்றில் ஒருவரை ஏன் எடுத்தீர்கள் என்பதையும் வெளியிடுங்கள். மின்வாரியத்தில் நேற்றுவரை பதவியில் இருந்தவரை இன்று அதன் கணக்கைப் பார்க்க அனுப்பாதீர்கள். 108-வது பிரிவின் கீழ் ஆணையத்துக்கு எழுத்தில் நீங்கள் தரும் கொள்கை வழிகாட்டல்களை அன்றே பொதுவில் வையுங்கள். எழுத்தில் வராத எதையும் சொல்லி அனுப்பாதீர்கள்.

2022-ல் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் கோவை, மதுரை, சென்னையில் நடந்தன. இங்கிருந்து பழவேற்காட்டுக்கு வந்து, பொன்னேரிக்குப் பேருந்து பிடித்து, ரயிலேறிச் சென்னை போய்த் திரும்பினால் ஒரு நாள் தொழில் போய்விடும். அடுத்த முறை பொன்னேரியிலும் ஒரு கூட்டம் வேண்டும். அதை ஆணையத்துக்கு நாங்களே எழுதுகிறோம். தயவுசெய்து இதில் நீங்கள் சிபாரிசு செய்ய வேண்டாம்.

இப்படிக்கு,
பசியாவரத்து மின் நுகர்வோர் ஒருவர்