சுவரு ஜொலிக்குது... வரைஞ்ச கைக்கு வேலை நிலைக்குமா?

சென்னை:
சினிமா போஸ்டர், கட்சி விளம்பரம், கண்ணீர் அஞ்சலி என்று சென்னைச் சுவர்களில் இடம் பிடிக்க எப்போதும் அடிதடிதான். இதற்கு முடிவு கட்ட 2009-ம் ஆண்டு, மா.சுப்பிரமணியன் மேயராக இருந்தபோது, மாநகராட்சி ஒரு வழி கண்டது. அண்ணா சாலையில் போஸ்டருக்குத் தடை போட்டு, அதே சுவர்களில் தமிழர் கலை, பண்பாட்டை ஓவியமாகத் தீட்டியது. வெற்றிலைக் கறை படிந்த சுவர்களில் கோவில் சிற்பமும் பரதநாட்டியமும் வந்து உட்கார்ந்தன.

கைகொடுத்த சுவர்

இதில் பெரிய ஆறுதல் சினிமா பேனர் ஓவியர்களுக்கு. ஒரு காலத்தில் மவுண்ட் ரோட்டையே கட்அவுட்டால் ஆண்டவர்கள் இவர்கள். சின்னப் படத்தில் கட்டம் போட்டு, அதையே ஆளுயரத்துக்கு மேல் பெரிதாக்கி, சாரத்தில் தொங்கியபடி வரையும் வித்தை இவர்களுக்கு அத்துப்படி. 2000-க்குப் பிறகு பிளக்ஸ் வந்தது. நாள் கணக்கில் வரைந்ததை மெஷின் சில மணி நேரத்தில் அடித்துத் தள்ளியது. பிழைப்பு போச்சு என்று கிடந்தவர்களில் பலருக்கு மாநகராட்சிச் சுவர் சோறு போட்டது.

முகம் மாறியது

அடுத்து 2020-ல் கண்ணகி நகர். ஆற்றோரக் குடிசைகளில் இருந்து அப்புறப்படுத்தப்பட்ட மக்கள் 2000-ம் ஆண்டு முதல் குடியேற்றப்பட்ட இடம். "அந்த ஏரியாவா?" என்று கேட்டே வேலை மறுக்கப்பட்ட மக்கள் இவர்கள். அங்கே அடுக்குமாடிச் சுவர்களில் ராஜா, ராணி வரவில்லை. அந்த ஏரியாப் பிள்ளைகளின் சிரிப்பு பிரமாண்டமாக வந்தது. படம் பார்க்கவே வெளியாட்கள் தேடி வந்தார்கள்.

பெயிண்ட் அடித்தால் வறுமை ஓடிவிடாதுதான். ஆனால் பயந்து ஒதுங்கிய ஊரைத் திரும்பிப் பார்க்க வைத்ததும் சின்ன விஷயம் இல்லை.

அப்புறம் யாரு பார்க்கிறது?

சிக்கலே இங்கேதான். வெயிலும் கடல் காற்றும் சாயத்தைத் தின்னும். மேலே ஒரு போஸ்டர் ஒட்டினால் கதை முடிந்தது. பசையோடு அதைக் கிழிக்கும்போது ஓவியமும் உரிந்து வந்துவிடும். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-ம் ஆண்டிலேயே தமிழகத்தில் சட்டம் வந்தாச்சு. ஆனால் ராத்திரி பசை வாளி தூக்கும் கூலித் தொழிலாளியைப் பிடித்து என்ன பயன்? ஒட்டச் சொன்னவர் பெயர் போஸ்டரிலேயே கொட்டை எழுத்தில் இருக்கிறதே!

திறப்பு விழாவுக்குக் காட்டும் அக்கறையைப் பராமரிப்பிலும் காட்ட வேண்டும். வரையும் செலவோடு, ஆண்டுக்கு ஒருமுறை பழுது பார்க்கும் செலவையும் சேர்த்தே ஒதுக்க வேண்டும். அந்த வேலையை அந்தந்த வட்டார ஓவியர்களிடமே கொடுக்கலாம். சுவரும் பிழைக்கும், வரைபவர் வீட்டு அடுப்பும் எரியும்.

கலைஞனைக் கொண்டாடுகிறோம் என்று சுவரில் எழுதினால் மட்டும் போதாது. அவன் கையில் தூரிகை காயாமல் பார்த்துக் கொள்வதுதான் நிஜமான கொண்டாட்டம்.