ஆச்சியின் முகம் 'டெக்ஸ்சர்' இல்லை

அமெரிக்காவில் ஒளிப்படத்தை உயர்மட்டப் பாடமாக எடுக்கப் போகிற பள்ளிப் பிள்ளைகளுக்கு, கோடை விடுமுறை தொடங்கும்போதே ஆசிரியர் ஒரு தாள் கொடுத்து விடுவது வழக்கம். தாளில் அநேகமாக ஒரு பட்டியல் இருக்கும். நிழல் ஒன்று, பிரதிபலிப்பு ஒன்று, கோடுகள் ஒன்று, நிழலுரு ஒன்று, முகம் ஒன்று, 'டெக்ஸ்சர்' ஒன்று. பத்தோ பதினைந்தோ தலைப்பு, தலைப்புக்கு ஒரு படம். விடுமுறை முடிந்து வகுப்புக்கு வரும்போது எல்லாம் கையில் இருக்க வேணும்.

இந்தப் பட்டியல் தயார்படுத்தலே இல்லை, அது ஒரு கெட்ட பழக்கம் என்பதுதான் எங்கட வாதம்.

அமெரிக்கப் பிள்ளையின்ர வீட்டுப்பாடம் எங்களுக்கு என்னத்துக்கு எண்டு கேட்பீங்கள். நியாயமான கேள்விதான். எங்கட உயர்தரக் கலைப்பிரிவில் சித்திரம் இருக்கு, சங்கீதம் இருக்கு, நடனம் இருக்கு, நாடகமும் அரங்கியலும் இருக்கு. ஒளிப்படம் அப்படியொரு தனிப் பாடமாக இல்லை. அதனால் படமெடுக்க ஆசைப்படுகிற எங்கட வயசுக்காரர் யூடியூப்பிலும் இன்ஸ்டகிராமிலும் கிடைக்கிறதைத்தான் பாடத்திட்டமாக எடுத்துக்கொள்ளுகினம். அங்க கிடைக்கிறது இதே பட்டியல்தான். '30 நாள் சலெஞ்ச்' எண்டு வந்தாலும் அதுதான், ஒளிப்படப் போட்டிக்குத் தலைப்பு வைத்தாலும் அதுதான். அங்க ஒரு கோடைகாலத்துக்கு மட்டும் கொடுக்கிற தாள், இங்க எங்களுக்கு முழுப் படிப்பாகவே ஆகியிருக்கு.

முதலில் அந்தப் பாடம் உண்மையில் என்ன கேட்கிறது என்று பார்ப்போம். 'அட்வான்ஸ்ட் பிளேஸ்மன்ட்', சுருக்கமாக ஏ.பி., என்பது பள்ளியில் இருக்கும்போதே பல்கலைக்கழக மட்டத்துப் பாடமொன்றைப் படிக்க வைக்கும் ஏற்பாடு. கொலிஜ் போர்ட் என்ற அமைப்பு அதை நடத்துகிறது. ஒளிப்படம் எடுப்பவர்கள் பொதுவாக இருபரிமாணக் கலையும் வடிவமைப்பும் என்ற பிரிவில் சேருவார்கள். இதற்குப் பரீட்சை மண்டபம் கிடையாது, மே மாதத்தில் ஒரு தொகுப்பைச் சமர்ப்பிக்க வேண்டும். புள்ளிகளில் 60 வீதம் தொடர் தேடல் என்ற பகுதிக்கு. அதற்கு 15 படங்கள். மிச்சம் 40 வீதம் தெரிந்தெடுத்த 5 படைப்புகளுக்கு. அந்த 15 படங்களும் மாணவர் தானாக எழுப்பிய ஒரு கேள்வியின் பின்னால் போக வேண்டும். பயிற்சி, பரிசோதனை, திருத்தம் மூன்றும் அதில் தெரிய வேண்டும். கேள்வி என்ன, அது தன்னை எங்கே கொண்டுபோனது என்று சுருக்கமாக எழுதியும் கொடுக்க வேண்டும்.

பாடம் கேட்பது ஒரு கேள்வியையும் அதுக்குப் பின்னால் போகிற 15 படத்தையும். தாள் பழக்குவதோ ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 15 தலைப்பையும் ஒவ்வொன்றுக்கும் ஒரு படத்தையும். இரண்டும் நேரெதிர். விடுமுறை முழுக்க 'நிழல் முடிஞ்சுது, அடுத்தது பிரதிபலிப்பு' எண்டு டிக் போட்டுப் பழகின பிள்ளையிட்ட, வகுப்பு தொடங்கின பிறகு "உன்ர கேள்வி என்ன?" எண்டு கேட்டால் அது என்ன செய்யும்? தனிமை, காலம், அடையாளம் எண்டு எவருக்கும் பொருந்துகிற பெரிய சொல்லொன்றைத் தூக்கி, எடுத்து வைத்த படங்களுக்கு மேல ஒட்டும்.

இவ்வளவுதான் பிரச்சினை எண்டால் அது அவையளின்ர பள்ளிக்கூடச் சிக்கல் எண்டு விட்டிருப்போம். எங்களைக் கோபப்படுத்துவது, இந்தப் பட்டியல் மனிசரை என்ன செய்யுது எண்டதுதான்.

எங்கட ஊர் ஒளிப்படக் குழுக்களில் போய்ப் பாருங்கோ. வயது போன ஆச்சியின் சுருங்கின முகம், கறுப்பு வெள்ளையில, ஒவ்வொரு கோடும் தெரியக் கூர்மை கூட்டி. பொழுதுபடும் நேரத்தில் வலை வீசுகிற கடற்தொழிலாளியின் கறுத்த உருவம். கொழுந்துக் கூடையோட ஒரு பெண், பின்னால பச்சை மலை. ஆச்சிக்குப் பேர் இல்லை. வலை வீசுகிறவருக்கு அண்டைக்கு மீன் பட்டுதோ இல்லையோ தெரியாது. கூடை தூக்குகிறவவின் நாட்சம்பளம் எவ்வளவு எண்டு படம் கேட்கவே இல்லை. ஆச்சி 'டெக்ஸ்சர்', கடற்தொழிலாளி 'சில்ஹவுட்', தோட்டத் தொழிலாளி 'கலர் கொன்ட்ராஸ்ட்'. பட்டியலில் மூன்று டிக்.

இது புதுப் பழக்கமும் இல்லை. 1936இல் கலிபோர்னியாவின் நிப்போமோவில் டொரோதியா லாங் எடுத்த 'புலம்பெயர் தாய்' உலகம் முழுக்கப் பாடமாகக் காட்டப்படுகிற படம். அந்தத் தாயின் பெயரை லாங் கேட்டு வைக்கவில்லை. புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்ற அந்தப் பெயர் வெளியில் வர 1978 ஆனது. தன் முகம் அவ்வளவு புகழ்பெற்றும் தனக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை என்ற மனக்குறை அவருக்கு இருந்தது. எங்கட தீவிலும் உதாரணம் இருக்கு. வெலிகமவில் கம்புகளில் அமர்ந்து மீன் பிடிப்பவர்களை ஸ்டீவ் மக்கரி 1995இல் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. இண்டைக்கு அந்தத் தென்கரையில் கம்பில ஏறி இருக்கிறவர்கள் பலர் மீனுக்காக ஏறுகிறதில்லை. படம் எடுக்க வருகிற உல்லாசப் பயணி கொடுக்கிற காசுக்காக ஏறுகினம். ஒரு தொழில், படத்துக்கான 'போஸ்' ஆகிவிட்டது. அவையளை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். வயிறு இருக்கு, காசு அங்க வருது. ஆனால் ஒரே படத்தைத் தேடி ஆயிரம் பேர் வந்தால், கடைசியில் ஊரே அந்தப் படத்துக்கு ஏற்றமாதிரி நடிக்க வேண்டி வரும்.

"பழகிறவனுக்குப் பட்டியல் வேணும்தானே, ஷட்டர் வேகம் தெரியாமல் என்ன கேள்வி?" எண்டு ஒரு பதில் வரும். அதில் பாதி சரி. ஷட்டரும் துளையும் ஐ.எஸ்.ஓ.வும் ஒன்றோடொன்று எப்படி இழுபடும் என்பதைக் கை பழகத்தான் வேணும். ஆனால் அதுக்கு ஒரு கிழமை போதும், ஒரு முழுக் கோடை தேவையில்லை. பட்டியல் எண்டால் எல்லாமே கூடாது எண்டும் நாங்கள் சொல்லவில்லை. 1930களில் அமெரிக்க அரசின் கிராமிய ஒளிப்படத் திட்டத்தை நடத்திய ரோய் ஸ்ட்ரைக்கரும் தன் ஒளிப்படக்காரர்களுக்குப் பட்டியல் அனுப்பியவர்தான். அவருடைய 1936ஆம் ஆண்டுப் பட்டியலொன்றில் ஒரு விடயம்: வெவ்வேறு வருமானக்காரர் தங்கள் மாலைப் பொழுதை வீட்டில் எப்படிக் கழிக்கிறார்கள்? இதையும் 'நிழல் ஒன்று' என்பதையும் பக்கத்தில பக்கத்தில வைத்துப் பாருங்கோ. முதலாவதை எடுக்க ஒரு வீட்டுக் கதவைத் தட்ட வேணும், உள்ளே இருந்து கதைக்க வேணும், அடுத்த தெருவுக்கும் போக வேணும். இரண்டாவதை எடுக்க ஆரோடையும் ஒரு வார்த்தை கதைக்கத் தேவையில்லை.

அதே ஸ்ட்ரைக்கரிடம் 1942இல் கோர்டன் பார்க்ஸ் என்ற கறுப்பின இளைஞர் வாஷிங்டனுக்கு வந்தார். அடகுக்கடையில் வாங்கிய கமெராவோடு ஒளிப்படத்துக்குள் வந்தவர் அவர். நகரத்தின் இனப் பாகுபாட்டை எப்படிப் படமாக்குவது என்று தெரியாமல் நின்றவரை, அந்தக் கட்டடத்தைக் கூட்டித் துடைக்கும் பெண்ணோடு போய்க் கதைக்கச் சொன்னார் ஸ்ட்ரைக்கர். அந்தப் பெண் எல்லா வொட்சன். தேசியக் கொடிக்கு முன்னால் துடைப்பத்தோடு அவர் நிற்கும் படம்தான் எல்லாருக்கும் தெரியும். ஆனால் பார்க்ஸ் அதோடு நிற்கவில்லை. அவருடைய வீட்டுக்கும் தேவாலயத்துக்கும் போனார், அவர் வளர்த்த பேரப்பிள்ளைகளையும் எடுத்தார்.

பள்ளி வயதுக்கு இன்னும் கிட்டின உதாரணம் லாடோயா ரூபி பிரேசியர். பென்சில்வேனியாவின் பிரடொக் என்ற உருக்காலை ஊரில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே அம்மாவையும் அம்மம்மாவையும் தன்னையும் எடுக்கத் தொடங்கினார். ஆலை தேய்ந்தது, ஊர் நோய்ப்பட்டது, 2010இல் ஆஸ்பத்திரியும் மூடப்பட்டது. அதெல்லாம் ஒரு குடும்பத்தின் படங்களுக்குள் வந்து சேர்ந்தது. 2014இல் அது புத்தகமானது. அந்தப் படங்களில் சிலதை அவருடைய அம்மாவே எடுத்தவர். அவர் தன் ஊரை விட்டு எங்கேயும் ஓடிப்போய்ப் படம் தேடவில்லை.

காசுக் கணக்கையும் பார்க்க வேணும். அமெரிக்காவிலும் எல்லாப் பிள்ளைக்கும் கோடை விடுமுறை என்றால் பயணம் இல்லை. கடையில் வேலை செய்கிற பிள்ளையும் உண்டு, தம்பி தங்கச்சியைப் பார்க்கிற பிள்ளையும் உண்டு. தலைப்புக்கொரு புது இடம் தேடச் சொல்லும் தாள், ஊர் சுற்ற வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குத்தான் லேசு. டி.எஸ்.எல்.ஆர். இல்லாமல் முடியாது என்கிற தாள் இன்னும் மோசம். ஒரே ஒழுங்கைக்குள் ஒரே கேள்வியோடு திரும்பத் திரும்பப் போக ஒரு பழைய போனும் காணும்.

இன்னொன்றும் சொல்ல வேணும். ஏ.பி. கலைத் தொகுப்புகளில் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை எந்தக் கட்டத்திலும் பாவிக்கக் கூடாது என்று கொலிஜ் போர்ட் தடை செய்திருக்கு. சரி. ஆனால் 'பொழுதுபடும் நேரம், வலை வீசுபவர், நிழலுரு' எண்டு தட்டினால் அந்தக் கருவி ஒரு நொடியில் படத்தைத் தந்துவிடும். பட்டியல் கேட்கிற படம் அதுதானே? பிள்ளைகளை இயந்திரம் மாதிரி பழக்கிப்போட்டு, பிறகு இயந்திரத்தைத் தொடாதே எண்டு சொல்லுறதில என்ன நியாயம்?

அப்ப என்ன செய்யிறது? அங்க படிக்கிற பிள்ளைக்கும் இங்க தானாகப் பழகிற எங்களுக்கும் நாங்கள் சொல்கிற விடுமுறை வேலை ஒன்றுதான். நடந்து போகிற தூரத்துக்குள்ள ஒரு கேள்வியைப் பிடியுங்கோ. சுன்னாகப் பக்கம் எண்டால், கிணற்றில எண்ணெய் எண்டு கதை வந்த பிறகு ஆர் இன்னும் அள்ளிக் குடிக்கினம், ஆர் போத்தில் வாங்குகினம்? மலையகம் எண்டால், லயத்து அறைக்குள்ள வெயில் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போகுது, அந்த நேரத்தில உள்ள ஆர் இருக்கினம்? மட்டக்களப்பு வாவிக்கரை எண்டால், வலை வீசுகிறவரை விடுங்கோ, கிழிந்த வலையைப் பொத்துகிறது ஆர்?

முதல் கிழமை கமெரா வேண்டாம். போய்க் கதையுங்கோ. ஆட்களின் பேரை எழுதி வையுங்கோ. பிறகு ஒரே இடத்துக்கு விடிய, மத்தியானம், பின்னேரம், இரவு எண்டு போங்கோ. எடுத்த படத்தை முதலில் அதில இருக்கிறவருக்குக் காட்டுங்கோ, பேஸ்புக் பிறகு பார்க்கலாம். வேண்டாம் எண்டு அவர் சொன்னால் அழித்துவிடுங்கோ. 100 எடுத்து 85ஐக் கழியுங்கோ. ஏன் கழித்தீர்கள் எண்டு பத்து வரி எழுதுங்கோ.

ஒளிப்படப் போட்டி நடத்துகிறவர்களுக்கும் ஒரு கோரிக்கை. அடுத்த முறை 'முகங்கள்' எண்டு தலைப்பு வைத்தால், படத்தோட அந்த ஆளின் பேரையும், அவர் சம்மதம் தந்ததையும் கேளுங்கோ. எத்தனை படம் வந்து சேருது எண்டு பார்ப்போம்.